ஏழாம் பாகம் முடிந்த விதம்

அந்த அரங்கில் ‘நெடுங்கலம்’ ஏழாம் பாகம் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குத் தொடங்கி, நான்கு ஆண்டு இரண்டு மாதம் பதினாறு நாள் ஓடி, ஒரு புதன்கிழமை நண்பகலுக்குச் சற்று முன்பு முடிந்தது. படத்தின் நீளம் இரண்டு மணி பதினெட்டு நிமிடம். மற்ற ஊர்களில் அது அந்த நேரத்துக்குள் முடிந்துவிட்டது. மக்கள் தங்கள் வண்டியைத் தேடி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இந்த ஊரில் முதல் காட்சிக்கு நானூற்றுப் பன்னிரண்டு இருக்கைகளில் இரண்டு மட்டும் காலி. மீதி நானூற்றுப் பத்துப் பேரும் பிற்பகல் மூன்று மணிவரை பொறுத்தார்கள். நான்கு மணிக்குச் சிலர் எழுந்துபோய் மின்கட்டணம் கட்டிவிட்டுத் திரும்பி வந்தார்கள். ஆறு மணிக்குக் கைக்குழந்தைக்காரர்கள் கிளம்பினார்கள். மறுநாள் காலை அவர்கள் வந்து பார்த்தபோதும் படம் ஓடிக்கொண்டிருந்தது. பார்த்த காட்சி எதுவும் திரும்ப வரவில்லை.

நெடுங்கலம் என்பது ஒரு விண்கலத்தின் பெயர். வழி தவறிய அந்தக் கலம் தன் சொந்தக் கிரகத்தைத் தேடிப் போவதுதான் கதை. இருபத்திரண்டு ஆண்டுகளில் ஆறு பாகங்கள் வந்திருந்தன. கலத்தை நடத்துபவள் ஒரு பெண்; படத்தில் அவளுக்குப் பெயர் கிடையாது, தலைவி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஆறாம் பாகத்தின் கடைசிக் காட்சியில் கலத்தின் வெளிச்சுவரில் விழுந்த விரிசலை அடைக்கத் தலைவி வெளியே இறங்குகிறாள். இடுப்புக் கயிறு அறுந்துபோகிறது. ஒரு கை மட்டும் கதவின் வெளிக் கைப்பிடியைப் பற்றியிருக்கிறது. திரை இருண்டுவிடுகிறது. கதவு திறக்குமா என்று தெரிந்துகொள்ள ரசிகர்கள் மூன்று ஆண்டு காத்திருந்தார்கள். ஏழாம் பாகத்தில், மற்ற ஊர்களில், இரண்டு மணி பத்தாவது நிமிடம் கதவு திறந்தது, தலைவி உள்ளே விழுந்தாள், கைதட்டல். இந்த ஊரில் கதவு திறக்கவில்லை. உள்ளே எட்டுப் பேர் திறக்கலாமா கூடாதா என்று விவாதித்தார்கள். விவாதம் நீண்டது.

ஆபரேட்டர் அறைக்குப் போய்ப் பார்த்தவர்கள் சொன்னது இது: இயந்திரத்தின் கடிகாரம் இரண்டு மணி பத்து நிமிடம் நான்கு நொடியில் நின்றிருந்தது. படம் மட்டும் ஓடியது. ஆபரேட்டர் மூன்றாம் நாள் பிளக்கைப் பிடுங்கினார். திரையில் மாற்றமில்லை. பிளக்கைத் திரும்பச் செருகிவிட்டு, இனி தனக்கு இங்கே வேலை இல்லை, ஆனாலும் சம்பளம் வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னார். முதலாளி நியாயஸ்தர், ஒப்புக்கொண்டார். முதல் வாரம் நாள் டிக்கெட், பிறகு மணிக்கணக்கில் டிக்கெட், ஆறு மாதம் கழித்து மாத அட்டை. முதல் ஆண்டு கூட்டம் குறையவில்லை. வெயில் நாட்களில் குளிர்சாதனத்துக்காகவே வந்தார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து வரிசையாக அழைத்து வந்தார்கள். பெண் பார்த்தார்கள், மாப்பிள்ளை பார்த்தார்கள். இடைவேளை முதல் நாள் ஒருமுறை விட்டதோடு சரி, மறுபடி வரவே இல்லை என்பதுதான் கேன்டீன்காரரின் ஒரே புகார்.

படத்தில் காலம் போனது. கலத்துக்குள் சமையல்காரர் தட்டுகளில் மண் பரப்பி பீன்ஸ் வளர்த்தார். இரண்டு பொறியாளர்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள். ரோபோவுக்குத் துரு பிடித்தது. வெளியே தலைவி அதே கைப்பிடியைப் பிடித்தபடி இருந்தாள். அவள் தலைக்கவசத்தின் ஓரத்தில் காற்றின் அளவைக் காட்டும் ஒரு சிறிய மீட்டர். அதில் நான்கு சதவீதம் என்று இருந்தது. அவள் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சு அரங்கின் ஒலிபெருக்கிகள் வழியாகச் சுவரைத் தாண்டித் தெருவுக்கும் வந்தது. எதிர்ப்பக்கத் தையல்காரர் அந்த மூச்சின் கணக்குக்கே மெஷினை மிதிக்கப் பழகினார். இரண்டாம் ஆண்டில் அந்தத் தெருக் குழந்தைகளுக்கு மூச்சை அடக்கிக்கொள்ளும் பழக்கம் வந்தது. அடிக்காமல் திட்டாமல் மெதுவாகத் தட்டி விடுவிக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பினார்கள். மூன்றாம் ஆண்டில் கூட்டம் ஐம்பதுக்குக் குறைந்தது. வராதவர்களிடம் ஏன் என்று கேட்டால் வேறு காரணம் சொன்னார்கள்.

இதற்கெல்லாம் காரணம் ஓர் இருநூறு பக்க நோட்டு. அந்த ஊரில் நெடுங்கலத்துக்கு ஒரு ரசிகர் குழு இருந்தது. ஐந்து பேர். ஒரு பல் மருத்துவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், எல்லோருக்கும் டாக்டரம்மா. ஒரு பேருந்து நடத்துனர். அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் பெண். அவளுடைய தம்பி, கல்லூரி மாணவன். அவளுடைய கணவன், லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனத்தில் பொறியாளன். குழுவில் அவனுக்கு ‘லிஃப்டு’ என்று பெயர். குழுவைத் தொடங்கியது எக்ஸ்ரே பெண்தான். மூன்றாம் பாகம் வந்தபோது ஓர் உறவுக்காரர் சாப்பாட்டு மேசையில் முடிவைச் சொல்லித் தொலைத்தார். அவள் அவரோடு இரண்டு ஆண்டு பேசவில்லை. பிறகு ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் இரண்டே விதி எழுதினாள். ஒன்று: ஐந்து பேரும் பார்த்து முடிக்கும்வரை யாருக்கும் படம் முடியவில்லை. இரண்டு: நோட்டில் பெயர் சேர்க்கவும் அடிக்கவும் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த பக்கத்தில் ஐந்து பெயர்கள். நடத்துனருக்கு வெளியூர்ப் பணி விழுந்தால் மற்ற நால்வரும் படத்தைப் பற்றி மூச்சு விடாமல் மூன்று நாள் காத்திருப்பார்கள். அந்த விதி அப்படி நடந்தது.

ஏழாம் பாகம் வெளியாகப் பதினொரு நாள் இருக்கும்போது, திங்கட்கிழமை மதியம், எக்ஸ்ரே அறையில் ஒரு முதியவரின் முழங்காலைப் படம் எடுத்துவிட்டு “அசையாம இருங்க, இன்னொன்னு எடுத்துக்கறேன்” என்று சொன்னவள் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருந்தது. ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். தம்பி கூட உட்கார்ந்து போனான். கணவன் பதினான்கு மாடிக் கட்டிடம் ஒன்றில் லிஃப்ட் கூண்டின் மேல் நின்றிருந்தான். கைபேசி கீழே பையில் இருந்தது. அவன் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து இருபது நிமிடம். அவளுக்கு முப்பது வயது.

முதல் காட்சிக்கு முன்பதிவு செய்திருந்த ஐந்து டிக்கெட்டில் மூன்று பேர் போனார்கள். நோட்டில் அவள் பெயரை யாரும் அடிக்கவில்லை. பதினொரு நாளில் பெயரை அடிப்பது என்ன மனுஷத்தனம் என்று டாக்டரம்மா சொன்னார். நடத்துனரும் அதையே நினைத்தார். விதிகளை இவ்வளவு நேர்மையாகக் காப்பாற்றிய ஐந்து பேர் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. ஒரு மாதம் கழித்து, படம் ஏன் முடியவில்லை என்று ஊரே பேசிக்கொண்டிருந்தபோது, டாக்டரம்மா நோட்டை எடுத்து முதல் பக்கத்தைப் படித்தார். எக்ஸ்ரேயில் புலப்படாத சொத்தையைக் கண்ணால் கண்டதுபோல் தலையை ஆட்டிக்கொண்டார். அன்று மாலையே லிஃப்ட்காரனிடம் சொன்னார். யோசிக்கிறேன் என்றான் அவன். நான்கு ஆண்டு யோசித்தான்.

அவன் அழவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டான். எட்டாம் நாள் வேலைக்குப் போனான். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் மனைவி எங்கே என்று கேட்டால் ஊரில் இல்லை என்றான். படிவங்களில் மணமானவர் என்ற கட்டத்தில் டிக் போட்டான். செத்துவிட்டாள் என்ற சொல்லை அவன் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. அரங்கு இருந்த தெருவை விட்டுவிட்டு, நான்கு தெரு சுற்றி வேலைக்குப் போனான். வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை எடுப்பதில் அந்த வட்டாரத்திலேயே கெட்டிக்காரன். முதலில் கதவில் கை வைக்க மாட்டான். கதவருகே குந்தி உட்கார்ந்து, உள்ளே இருப்பவரிடம் பேச்சுக் கொடுப்பான்: எந்த மாடிக்குப் போகணும், யாரைப் பாக்க வந்தீங்க, காலையில என்ன சாப்பிட்டீங்க. குரல் நிதானத்துக்கு வந்த பிறகுதான் சாவியை எடுப்பான்.

சனிக்கிழமை மதியம் பல் மருத்துவமனையை மூடியதும், டாக்டரம்மாவின் காத்திருப்பு அறையில் குழு கூடுவது நிற்கவில்லை. தம்பி மட்டும் வருவதில்லை. மற்ற மூவரும் ஏழாம் பாகத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்பதால் எட்டாம் பாகத்தைப் பற்றிப் பேசினார்கள். அதிலும் ஒரு சங்கடம் இருந்தது. நடத்துனர் பக்கத்து ஊருக்குப் போய் ஏழாம் பாகத்தை முழுதாகப் பார்த்துவிட்டு வந்திருந்தார். விதிப்படி ஒரு சொல் வெளியே விடவில்லை. வாய் தவறிவிடும் என்று பயந்து, பேசும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொள்வார்.

“எட்டாம் பாகத்த தியேட்டருக்கே விடமாட்டானாம். நேரா ஃபோன்லயாம்,” என்றார் ஒரு சனிக்கிழமை.

“ஃபோன்ல பாத்தா அது விண்வெளியா? நான் தினம் பாக்குற கடைவாய்ப் பல்லு அதவிடப் பெருசு,” என்றார் டாக்டரம்மா.

“நீங்க வேற. என் பஸ்ல நாப்பது பேர் ஏறுறான். நாப்பது பேரும் குனிஞ்சு நாப்பது படம் பாக்குறான். ஒருத்தன் திடீர்னு சிரிச்சா பக்கத்துல இருக்கறவன் பயந்து எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போறான்.”

“அதுக்குத்தான் தியேட்டர் வேணுங்கறேன். சிரிக்கறதுக்கு நூறு பேர் துணை வேணும்.”

“அழறதுக்கு?”

“அதுக்கு இருட்டு வேணும்.”

இருவரும் லிஃப்ட்காரனைப் பார்க்காமல் இருக்க முயன்றார்கள். அவன் ஒவ்வொரு வாரமும் சொல்வதையே சொன்னான்: “அஞ்சாம் பாகத்தோட நிறுத்தியிருக்கணும்.”

“ஆரம்பிச்சுட்டாரு நம்ம லிஃப்டு. அஞ்சுல கத எங்கய்யா முடிஞ்சுது? பாதி வழியில நிக்குது கலம்.”

“நின்னா என்ன? எல்லாரும் உள்ளதான இருந்தாங்க.”

டாக்டரம்மா எழுந்து மின்விசிறியைக் கூட்டினார்.

தம்பி அரங்கை விட்டு வெளியே வரவில்லை. முதல் நாள் அக்காவின் இருக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன், அக்கா பார்க்க வேண்டிய படம் முடியும்வரை தான் எழுந்திருப்பதில்லை என்று சொல்லிவிட்டான். அப்போது அவனுக்கு இருபது வயது. கழிவறைக்குப் போவான், வராந்தாக் குழாயில் முகம் கழுவுவான், வந்து உட்காருவான். இருக்கையிலேயே தூங்கினான். கல்லூரியிலிருந்து மூன்று கடிதம் வந்து, பிறகு பெயரை எடுத்துவிட்டார்கள். அம்மா தினமும் பகலில் சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்து டிக்கெட் கிழிப்பவரிடம் கொடுத்துவிட்டு வாசலிலேயே நிற்பார். இருட்டில் உட்கார்ந்தால் அவருக்குத் தலை சுற்றும். வாழ்நாளில் ஒரு படத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. காலி டப்பா வெளியே வந்ததும் மூடியைத் திறந்து எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார். முதலாளி அவனுக்கு இலவச அட்டை கொடுத்திருந்தார். இரண்டாம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அரங்கின் சாமான் பட்டியலில், தீயணைப்பான் நான்கு என்பதற்குக் கீழே, பையன் ஒன்று என்று எழுதியிருந்தது.

ஐந்தாம் ஆண்டின் தொடக்கத்தில் தலைவியின் மீட்டர் நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்கியது. அன்றிரவு தெருவில் பலர் தூங்கவில்லை. மீட்டர் இரண்டைத் தொட்டபோது டாக்டரம்மா தன் பையை எடுத்துக்கொண்டு அரங்குக்குப் போனார். பையனின் வாயைத் திறந்து பார்த்தார், ஈறில் ரத்தம். எடை நாற்பத்தொரு கிலோ. விரலில் கருவியை மாட்டி, ரத்தத்தில் காற்று எவ்வளவு என்று பார்த்தார். அரை மணி நேரம் திரையையும் கருவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்தார். பையன் தலைவியோடு சேர்ந்துதான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அவள் இழுக்கும்போது இழுத்தான், விடும்போது விட்டான். மீட்டர் பூஜ்யத்துக்கு வந்தால் பையனும் அதோடு நிற்பான் என்பதில் டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் இல்லை. தூக்கிக்கொண்டு போகலாமா என்று நடத்துனர் கேட்டார். நான்கு பேர் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள். இருக்கை வரிசை முழுதும் சேர்ந்து எழுந்தது. பயந்து கீழே வைத்துவிட்டார்கள்.

புதன்கிழமை காலை லிஃப்ட்காரன் ஓர் அலுவலகக் கட்டிடத்தின் பதினோராம் மாடியில் இயந்திர அறையில் வேலை செய்துகொண்டிருந்தான். லிஃப்ட் நிறுத்தப்பட்டிருந்தது. மாமியார் பதினொரு மாடியும் படியேறி வந்தார். கடைசிப் படியில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். அவன் தண்ணீர் கொடுத்தான்.

“பையனுக்கு ஒதடு நீலமாயிடுச்சாம் மாப்பிள்ளை. டாக்டரம்மா சொன்னாங்க.”

“ம்.”

“நாலு வருஷமா உங்ககிட்ட ஒண்ணும் கேக்கல. கேட்டேனா?”

“இல்ல அத்தை.”

“பொண்ணு போயிட்டா. அதுக்கு யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. லிஃப்டுல மாட்டுனவங்க யார் யாரையோ எடுத்து வெளிய விடுறீங்க. எம்பையன எடுத்துக் குடுங்க.”

அவன் கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். டாக்டரம்மாவிடம் தொலைபேசியில் நோட்டை அரங்குக்கு எடுத்துக்கொண்டு வரச் சொன்னான். பிறகு மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு பதினொரு மாடியும் இறங்கினான். இந்த முறை நேரான தெருவில் போனான். தையல் மெஷின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அரங்கின் சுவர் தலைவியின் மூச்சோடு ஏறி இறங்குவது வாசலிலிருந்தே தெரிந்தது. மாமியார் வழக்கம்போல் வெளியே நின்றுகொண்டார்.

உள்ளே நாற்பது பேர்கூட இல்லை. திரையில் கதவின் வெளிப்பக்கம், கையுறை அணிந்த ஒரு கை. மைத்துனன் பின்னாலிருந்து ஏழாவது வரிசையில், நடுவில் இருந்தான். முடி தோளுக்குக் கீழே தொங்கியது. பக்கத்து இருக்கை காலி. அதற்கு அடுத்த இருக்கை லிஃப்ட்காரனுடையது. நான்கு ஆண்டுத் தூசி. அவன் தூசியைத் தட்டாமல் உட்கார்ந்தான்.

“வாங்க மாமா,” என்றான் மைத்துனன். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் தலைவியின் மூச்சுக்காகக் காத்திருந்தான். “டிக்கெட் எடுத்தீங்களா?”

“எடுத்தேன். கத எதுவரைக்கும் வந்திருக்கு?”

“தலைவி வெளிய இருக்கா. உள்ள பீன்ஸ் காச்சிருக்கு.”

“வேற?”

“ரோபோவும் சமையல்காரனும் பேசிக்கறதில்ல. ஒண்ணர வருஷமா.”

“என்ன சண்ட?”

“உப்பு.”

“காலையில என்ன சாப்ட்ட?”

“ஞாபகம் இல்ல. ஏன் மாமா இத்தன நாளா வரல?”

“வேல.”

“நாலு வருஷமாவா?”

“ம்.”

“பொய்யி.”

“ஆமா, பொய்தான்.”

திரையில் மீட்டர் ஒன்றுக்கு வந்தது. அரங்கில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். மைத்துனனின் விரல்நகங்கள் அந்த வெளிச்சத்தில் கருப்பாகத் தெரிந்தன.

“எந்திரி, போலாம்.”

“அக்கா வந்து கேட்டா யாரு கத சொல்றது? நோட்டுல அவ பேரு இருக்குல்ல.”

“இருக்கு,” என்றான் லிஃப்ட்காரன். “அவ செத்துட்டாடா.”

சாதாரணக் குரலில்தான் சொன்னான். அரங்கு முழுக்கக் கேட்டது. முன்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் திரும்பி, கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள் என்றார்.

“தெரியும் மாமா,” என்றான் மைத்துனன். “நான்தான ஆம்புலன்ஸ்ல கூடப் போனேன். எனக்கு அன்னைக்கே தெரியும்.”

“எனக்குத் தெரியல. இப்பத்தான் தெரியுது.”

“அதுக்குத்தான் உக்காந்திருக்கேன். நீங்க போடாம நாங்க கையெழுத்துப் போட்டா, நாங்க மூணு பேரும் சேந்து அவள வெட்டி விட்ட மாதிரி ஆயிடும். நீங்க வருவீங்கன்னு பாத்தேன். வரவே இல்ல நீங்க.”

லிஃப்ட்காரன் காலி இருக்கையைத் தாண்டிக் கையை நீட்டி, அவன் மணிக்கட்டைப் பிடித்தான். டாக்டரம்மாவும் நடத்துனரும் நோட்டோடு வந்து பின்வரிசையில் குனிந்து நின்றார்கள். டாக்டரம்மா பல் பார்க்கும் சிறு விளக்கைப் பிடித்தார். நடத்துனர் டிக்கெட் எழுதும் பேனாவைக் கொடுத்தார். முதலில் டாக்டரம்மா, பிறகு நடத்துனர், பிறகு மைத்துனன். அவன் கையெழுத்து ஒரு கோடாக இழுத்துக்கொண்டு போனது. கடைசியில் லிஃப்ட்காரன். கையெழுத்துப் போட்டுவிட்டு, முதல் பெயரின் மேல் இடமிருந்து வலமாக ஒரு கோடு போட்டான். நோட்டை மூடிக் கொடுத்தான்.

நான்கு பேரும் திரையைப் பார்த்தார்கள். நடத்துனர் மட்டும் கைதட்டத் தயாராகக் கையைச் சேர்த்து வைத்திருந்தார். அடுத்து என்ன என்று அவருக்குத் தெரியும். கைப்பிடியில் தலைவியின் சுண்டுவிரல் விலகியது. பிறகு அடுத்த விரல். ஐந்து விரலும் விலகிய பிறகு அவள் கையை அசைக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. கதவிலிருந்து மெல்ல விலகினாள். அவள் ஒரு புள்ளியாக ஆவதற்குப் பதினொரு நிமிடம் ஆனது. அந்தப் பதினொரு நிமிடமும் ஒலிபெருக்கியில் எதுவும் கேட்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் தையல்காரர் மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு வெளியே வந்து பார்த்தார். கலத்துக்குள் சமையல்காரர் அடுப்பை அணைத்தார். ரோபோ அவர் பக்கத்தில் போய் நின்றது.

“அவ உள்ள வந்துருவாய்யா!” நடத்துனர் எழுந்து கத்தினார். நான்கு ஆண்டு அடக்கி வைத்தது. “நான் பாத்தேன்யா! பக்கத்து ஊர்ல பாத்தேன்! கதவத் தெறந்து இழுத்துருவாங்க! எல்லாரும் கைதட்டுனாங்கய்யா!”

“உக்காருங்க,” என்றார் டாக்டரம்மா. “நம்ம ஊர்ல வரல.”

பெயர்கள் ஓடி முடிந்து விளக்கு எரிந்தபோது, மைத்துனன் தன் மூச்சைத் தானே இழுத்துக்கொண்டிருந்தான். இருமினான். உதட்டில் நிறம் வந்தது. எழுந்து நிற்க முழங்கால் மறந்திருந்தது. மாமனும் நடத்துனரும் ஆளுக்கொரு தோளைக் கொடுத்தார்கள். வாசல் வெயிலில் அம்மா அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முடி வெட்டணும் என்றார். அன்று பிற்பகல் லிஃப்ட்காரன் வேலைக்குத் திரும்பினான். பதினோராம் மாடி இயந்திர அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு மணி நாற்பது நிமிடம் அழுதான். அந்த நேரம் முழுதும் லிஃப்ட் ஓடவில்லை என்று அலுவலகங்களிலிருந்து ஆறு புகார் பதிவாகியிருக்கிறது.

மறுமாதம் படக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். இயந்திரத்தைச் சோதித்தார்கள். இரண்டு மணி பதினெட்டு நிமிடம் சரியாக இருந்தது. தங்கள் மடிக்கணினியில் ஓட்டினால் தலைவி உள்ளே வந்தாள். இந்த அரங்கின் திரையில் ஓட்டினால் விரல்கள் விலகின. மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். எட்டாம் பாகம் கடைசியில் அரங்குகளுக்கே வந்தது. மற்ற எல்லா ஊரிலும் அதில் தலைவி இருந்தாள். தொண்ணூறு காட்சிகளில் பேசினாள். இந்த ஊரில் அந்தத் தொண்ணூறு காட்சிகளிலும் அவள் இல்லை. அவளுடைய நாற்காலி காலியாக இருந்தது. மற்றவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். அவள் பேச வேண்டிய நேரம் முடியும்வரை காத்திருந்துவிட்டுப் பதில் சொன்னார்கள். முதல் நாள் கொஞ்சம் சலசலப்பு. பிறகு பழகிவிட்டது. தலைவி இல்லாமல் ஒரு படமா, நெடுங்கலத்தை இத்தோடு மூட்டை கட்டலாம் என்று டாக்டரம்மா சனிக்கிழமைகளில் சொன்னார். நம் ஊர்ப் பிரதிதான் உருப்படியான படம், மற்ற ஊரில் பொம்மை காட்டுகிறான் என்று நடத்துனர் கட்சி மாறிப் பேசினார். மைத்துனன் மாலைக் கல்லூரியில் சேர்ந்து, எடை கூடி, ஒன்பதாம் பாகத்தைப் பற்றி எல்லோரையும்விட அதிகமாகக் கத்தினான். லிஃப்ட்காரன் ஐந்தாம் பாகத்தைப் பற்றிப் பிறகு பேசவில்லை. படிவங்களில் வேறு கட்டத்தில் டிக் போட்டான். எட்டாம் பாகத்தை இங்கே இரண்டு முறை பார்த்தான். பக்கத்து ஊருக்குப் போகவில்லை.

போனது மாமியார்தான். பக்கத்து ஊரில் தலைவி நடமாடுகிறாள் என்று மகன் சாப்பிடும்போது சொன்னான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் நடத்துனரின் பேருந்தில் ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தார். இருட்டில் தலை சுற்றவில்லையா என்று கேட்டதற்கு, சுற்றியது, கண்ணை மூடித் திறந்தேன், சரியாகிவிட்டது என்றார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனார். படத்தை அங்கே அரங்கிலிருந்து ஏழு வாரத்தில் எடுத்துவிட்டதாக நாளிதழில் இருந்தது. அவர் எட்டாவது வாரமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஓர் ஆண்டாகப் போய்க்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு வாரமும் வேறு வேறு சேதி கொண்டுவருகிறார்: போன வாரம் தலைவிக்குச் சளி, அதற்கு முந்தின வாரம் யாரையோ திட்டினாள், மழைக் காலத்தில் கொஞ்சம் இளைத்திருந்தாள். படம் ஒன்றுதானே என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை.

மாலை நாலேகாலுக்குப் பேருந்து திரும்பும். லிஃப்ட்காரன் நிறுத்தத்தில் வண்டியோடு நிற்பான். நடத்துனர் கையைப் பிடித்து இறக்கி விடுவார்.

“எப்படி இருந்தா அத்தை?”

“இன்னைக்குப் பரவால்ல. ரெண்டு தடவ சிரிச்சா.”

“சாப்ட்டாளா?”

“பீன்ஸ்தான். வேற என்ன இருக்கு அங்க.”

“சரி, ஏறுங்க,” என்பான் அவன். அவர் ஏறி, அவன் தோளைப் பிடித்துக்கொண்டதும் வண்டியை எடுப்பான்.